மலையில் விட்டுப் போனவனுக்கு

மகனே,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "பாகலூர் போய் அவளைக் கூட்டிட்டு வாம்மா, நீ சொன்னா கேப்பா, எனக்கு ஷிஃப்ட் இருக்குது" என்கிறாய். பாகலூரில் உன் பெண்டாட்டியின் அப்பா வீட்டுக்கு நான் ஏற்கெனவே போய்விட்டு வந்தேன். இனியும் போவேன். ஆனால் உனக்காக அவளைக் கூட்டிவர மாட்டேன். இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஃபோனில் நான் பேச்சை ஆரம்பிப்பதற்குள் "சரிம்மா, லைன்ல கூப்பிடறாங்க" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம். கிழித்தாலும் ஒன்றும் இல்லை, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டுதான் அனுப்புகிறேன். அதில் ஒன்று கிருஷ்ணகிரியில் உன் சித்தப்பா வீட்டுக்குப் போகிறது. அன்றைக்கு அங்கே உட்கார்ந்து உன் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் எல்லோரும் படிக்கட்டும். அதனால், எனக்குத் தெரிந்த கதையையே எதற்கு மறுபடி எழுதுகிறாள் என்று சலித்துக்கொள்ளாதே. தெரிந்த கதையைத்தானே நீ மாற்றிச் சொன்னாய்.

உத்தனப்பள்ளி தாண்டி இருக்கிற அந்த மலை உனக்குப் புதுசு இல்லை. நடக்கத் தெரியாத வயதில் உன் அப்பா தோளில் உட்கார்ந்து ஏறினாய். அப்புறம் வருஷா வருஷம் சித்திரையில் ஏறினோம். காலேஜ் படிக்கும்போது உன் சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு மாசத்துக்கு ஒரு முறை போனாய். கண்ணைக் கட்டிவிட்டாலும் இறங்கி வந்துவிடுவேன் என்று லாவண்யாவிடம் கல்யாணமான புதுசிலேயே பீற்றிக்கொண்டாய். அது எப்படிப்பட்ட மலை என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேருக்குத்தான் மலை. மேலே பாதி தூரத்துக்கு நிழல் என்று சொல்ல ஒரு மரம் கிடையாது. கருத்த பாறை, கள்ளி, காய்ந்து சருகான உண்ணிச்செடி, அவ்வளவுதான். உச்சியில் ஆஞ்சநேயர் சின்னக் கோயிலில் இருக்கிறார். பக்கத்தில் இருக்கும் சுனை கோடையில் வற்றிவிடும். பத்து மணிக்கு மேல் பாறை அடுப்புக்கல் மாதிரி சுடும். ஊர்க்காரர்கள் இறங்கும் வழி நெடுகப் பாறைகளில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தால் புளியந்தோப்பு, அதைத் தாண்டினால் தார் ரோடு. இதில் வழி தப்புவதற்கு ஒன்றும் இல்லை.

இந்தத் தடவை மலைக்கு நாம் மூன்று பேரும் கிளம்பியதே தாமதம். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிவிட்டாய், அதை நான் குறை சொல்லவில்லை. மலையடிவாரத்தில் காரை நிறுத்தியதும் எப்போதும் போல நான் செருப்பைக் காரிலேயே கழற்றிப் போட்டேன். அந்த மலையில் நான் செருப்போடு ஏறியதில்லை என்பது உனக்குத் தெரியும். லாவண்யா ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தாள். "மூணு பேருக்கு ஒரு பை போதும், கைய வீசிட்டு நடங்க" என்று எல்லாவற்றையும் பிடுங்கி உன் பையில் போட்டுக்கொண்டாய். தண்ணீர், என் பிஸ்கட், சர்க்கரை இறங்கினால் கரைத்துக் குடிக்கிற குளுக்கோஸ், என் ஃபோன், எல்லாம் உன் முதுகில். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று நினைத்தேன். கற்பூரம் ஏற்றும்போது உனக்காகத்தான் வேண்டிக்கொண்டேன்.

இறங்கும்போது வழி பிரிகிற அந்த இரட்டைப் பாறைக்கு வந்தோம். அங்கே உனக்கு ஃபோன் வந்தது. ஏதோ மெஷின் நின்றுவிட்டது, யாரோ லீவு போட்டுவிட்டான், நீ யாரையோ திட்டிக்கொண்டே நடந்தாய். இடது பக்கம் இறங்க வேண்டியவன் பேச்சுவாக்கில் வலது பக்கம் ஆடு போகிற தடத்தில் இறங்கினாய். நானும் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். லாவண்யாதான் பின்னாலிருந்து, "ஏங்க, சுண்ணாம்புக் கோடு காணமே?" என்றாள். நீ கையைக் காட்டி, இரு என்றாய். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னாள். ஃபோன் சிக்னல் போய்க் கட்டான பிறகுதான் திரும்பினாய்.

"இது குறுக்கு வழி. நாங்க எத்தனையோ தடவை வந்திருக்கோம்."

"இருக்கலாங்க. ஆனா சூரியன் அந்தாண்ட இல்ல இருக்கணும்? நாம மலைக்குப் பின்பக்கம் போறோம். அத்தைக்கு வேற கால் சுடுது. திரும்பிப் போயிரலாம்."

"ரெண்டு தடவை வந்தவ எனக்கு வழி சொல்றியா?"

"வழி சொல்லல. கோடு இல்லன்னுதான் சொல்றேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். உன் முகம் சிவந்தது. நானும் சொன்னேன், "டேய், அவ சொல்றது சரியாத்தான் இருக்குது, திரும்பலாம்" என்று. அதுதான் உனக்குப் பொறுக்கவில்லை போல. "உனக்கு அவ்வளவு தெரியும்னா நீயே கூட்டிட்டு வா" என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்க ஆரம்பித்தாய். கூப்பிட்டேன். அவளும் கூப்பிட்டாள். "தண்ணியாவது குடுத்துட்டுப் போங்க" என்று கத்தினாள். உனக்குக் கேட்டது. கேட்டதால்தான் உன் நடை இன்னும் வேகமானது. என் வயிற்றில் பிறந்தவன், உன் நடையைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா?

கோபத்தில் போகிறான், அந்தப் பாறையைத் தாண்டியதும் நிற்பான் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம். நீ நிற்கவில்லை. அதற்குள் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. வியர்வை சில்லென்று இறங்கியது. காலையில் கோயிலுக்கு என்று ஒரு இட்லியோடு நிறுத்தியிருந்தேன், மாத்திரையை மட்டும் போட்டிருந்தேன். உட்கார இடம் இல்லை, பாறை அப்படிச் சுட்டது. லாவண்யா என்னைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு ஒரு கையால் கைப்பையைத் துழாவினாள். அவள் கம்பெனியில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த சாக்லேட் ஒன்று அடியில் உருகிக் கிடந்தது. அந்தக் காகிதத்தைப் பிரித்து வழித்து என் வாயில் வைத்தாள். அப்புறம் குனிந்து தன் ஷூவைக் கழற்றி என் காலில் மாட்டினாள். வேண்டாம் என்று காலை இழுத்தேன். "அத்த, பேசாம இருங்க" என்று அதட்டினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னை அதட்டியது அன்றைக்குத்தான். அவள் காலில் ஒரு மெல்லிய சாக்ஸ் இருந்தது. அந்தச் சாக்ஸோடு அந்தப் பாறையில் நடந்தாள். துப்பட்டாவை விரித்து என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். வந்த தடத்திலேயே திரும்பி ஏறி, இரட்டைப் பாறைக்கு வந்து, சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தபோது நான் அழுதேன். அவள் அழவில்லை. "கோடு கெடச்சிருச்சு, இனிமே ஒண்ணுமில்ல" என்று எனக்குத்தான் சொன்னாள். நடுவில் ஒரு இடத்தில் எனக்குக் கண் இருட்டியது. விழுந்திருந்தால் அவள் ஒருத்தி என்னை எப்படித் தூக்கியிருப்பாள்? யாரைக் கூப்பிட்டிருப்பாள்? அவள் ஃபோனில் சிக்னல் இல்லை.

புளியந்தோப்பில் ஆடு மேய்க்கிற ஒரு அம்மா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பெற்ற மகன் முதுகில் என் தண்ணீர் போக, முன்பின் தெரியாதவள் சொம்பில் குடித்தேன். ரோட்டுக்கு வந்தால் கார் நிற்கிறது. ஏசி போட்டு, சீட்டைச் சாய்த்து, நீ ஃபோன் பார்த்துக்கொண்டிருக்கிறாய். என்னைக் கண்டதும் இறங்கி ஓடி வருவாய் என்று நினைத்தேன். கண்ணாடியை இறக்கி, "இவ்வளவு நேரமா? இதுதான் உன் மருமக வழி காட்டற லட்சணமா?" என்று கேட்டாய். உன் குறுக்கு வழி எங்கே போய் முடிந்தது என்பதையும் நீயே உளறினாய். மலைக்குப் பின்னால் பழைய கல் குவாரியில் போய் நின்றது. அங்கிருந்து ஒரு டிப்பர் லாரிக்காரன் உன்னை ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றிக் காரண்டை இறக்கிவிட்டான். அதாவது உனக்குத் தெரிந்துவிட்டது, உன் வழிதான் தப்பு, அவள் சொன்னதுதான் சரி என்று. தெரிந்த பிறகும் காரில் உட்கார்ந்திருந்தாய். மேலே ஏறி வந்து பார்க்கவில்லை. ஊரில் நாலு பேரைக் கூப்பிடவில்லை. உன் பையில் என் குளுக்கோஸ் இருந்தது.

இதோடு நின்றிருந்தால்கூட நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். வீட்டுக்குள் வைத்துத் திட்டியிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன், முடிந்திருக்கும். அடுத்த வாரம் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. லாவண்யாவின் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். கம்பெனி பஸ்ஸில் ஏற முடியாமல் லீவு போட்டிருந்தாள். ஆனாலும் வந்தாள். சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது, "ஏம்மா கால் வீங்கியிருக்குது?" என்று உன் சித்திதான் கேட்டாள். லாவண்யா வாயைத் திறப்பதற்குள் நீ ஆரம்பித்தாய். அவள்தான் குறுக்கு வழி என்று எங்களைக் குவாரிக்கு இழுத்துக்கொண்டு போனாளாம். நீதான் உதவி கேட்க ஓடினாயாம். வெயிலில் அவள் முழித்த முழியை நடித்துக் காட்டினாய். கூட்டம் சிரித்தது. நன்றாகத்தான் நடித்தாய். அவள் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"பொய் சொல்றான். வழி தப்பினது இவன்தான். எங்களை விட்டுட்டுப் போனதும் இவன்தான்" என்று நான் சொன்னேன். சிரிப்பு நின்றது. உன் சித்தப்பா, "விடுங்க அண்ணி, பையன் தமாஷுக்குச் சொல்றான்" என்றார். அப்போது நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "அம்மாவுக்கு அன்னிக்கு சர்க்கரை எறங்கிருச்சு சித்தப்பா. மயக்கத்துல இருந்தாங்க. என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்கே தெரியாது." சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்துத் தட்டிக் கொடுத்தாய், ஏதோ ஒன்றும் தெரியாத கிழவியைத் தேற்றுவது மாதிரி. எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். ஒருத்தர் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

உன் பொய்யைக் காப்பாற்ற என் புத்தியையே பறித்துக்கொண்டாய். பெண்டாட்டியை முட்டாளாக்கியது போதவில்லை, அம்மாவை அரைப் பைத்தியமாக்கினாய். டேய், இருபது வருஷம் ரோஜாத் தோட்டத்தில் பசுமைக் குடிலுக்குள் நின்று பூவைத் தரம் பிரித்தவள் நான். காம்பு நீளம் பார்த்து, மொட்டு பார்த்து, ஏற்றுமதிக்கு எது, ஓசூர் மார்க்கெட்டுக்கு எது என்று ஒரு பார்வையில் பிரித்துப் போட்டவள். அந்தச் சம்பளத்தில்தான் உன்னை டிப்ளமோ படிக்க வைத்தேன். என் கண்ணால் பார்த்ததை நான் மறக்க மாட்டேன்.

வளர்ப்பு சரியில்லை என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பழியை நான் வாங்கிக்கொள்ளப் போவதில்லை. சின்ன வயதில் பக்கத்து வீட்டு டியூப் லைட்டைப் பந்தடித்து உடைத்துவிட்டு, பழியைக் கீழ் வீட்டுப் பையன் மேல் போட்டாய். அன்றைக்கே உன் காதைப் பிடித்து அந்த வீட்டுக்கு இழுத்துப் போய், "நான்தான் உடைச்சேன்" என்று சொல்ல வைத்தேன். கீழ் வீட்டுப் பையனிடமும் சொல்ல வைத்தேன். உன் அப்பாவிடமும் நீ இதைக் கற்கவில்லை. ஒரு முறை கே.ஆர்.பி. அணைக்குப் போகும்போது பைக்கைத் தப்பான ரோட்டில் விட்டுவிட்டார். ரொம்ப தூரம் போய், ஒரு மாந்தோப்பில் முட்டி நின்றதும், "நான் ஒரு மடையன், தப்பா வந்துட்டேன், எறங்குங்க, வண்டியத் திருப்பறேன்" என்று சொல்லிச் சிரித்தார். நடுவில் உட்கார்ந்திருந்த நீயும் சிரித்தாய். அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆகவே இது எங்கள் வளர்ப்பு இல்லை. உனக்கு முப்பது தாண்டிவிட்டது. உன் கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள். இது நீயாகச் செய்தது, உன் புத்தியால் செய்தது. நீதான் சுமக்க வேண்டும்.

கிரகப்பிரவேசம் முடிந்து ஜூஜுவாடியில் உங்கள் வீட்டுக்குப் போனதும், "எங்கம்மாவ எனக்கு எதிரா திருப்பிட்டல்ல" என்று அவளைக் கேட்டாயாம். மறுநாள் காலையில் அவள் ஒரு பையோடு பாகலூர் போய்விட்டாள். சண்டை போடவில்லை, கத்தவில்லை. நீ அதையும் திமிர் என்கிறாய்.

போன வாரம் நான் அவளைப் பார்க்கப் போனேன். அவள் அப்பா தக்காளி அறுவடையில் இருந்தார். என்னைக் கண்டதும் "ரண்டம்மா, ரண்டி" என்று தெலுங்கில் கூப்பிட்டு உட்கார வைத்தார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். லாவண்யா காலில் தோல் உரிந்து புதுத் தோல் வந்திருந்தது. நான் கூட்டிப்போக வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அப்புறம்தான் அவள் பேசினாள்.

"வழி தப்பினதுக்கு யாராவது கோவிச்சுப்பாங்களா அத்த? நான் தப்பியிருந்தாலும் தப்பியிருப்பேன். எங்கள விட்டுட்டுப் போனாரே, அதக்கூட கோவம்னு வெச்சுக்கலாம். ஆனா அன்னிக்கு எல்லாரும் சிரிக்கும்போது அவரு என் காலப் பாத்தாரு. பாத்துட்டுத்தான் தொடர்ந்து பேசினாரு."

உனக்காக ஏதாவது ஒரு சமாதானம் வாயில் வருமா என்று தேடினேன். வேலை டென்ஷன் என்று சொல்லலாமா, தூக்கம் இல்லை என்று சொல்லலாமா என்று பார்த்தேன். இரண்டையும் விட்டுவிட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். "தெரியல அத்த. இப்போதைக்கு வேலைக்குப் போகணும்" என்றாள். இப்போது அங்கிருந்தே பஸ் பிடித்து வேலைக்குப் போகிறாள்.

ஆகவே உனக்கு நான் சொல்வது இதுதான். பாகலூருக்குப் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு ஓடாதே. அவள் காலில் விழுகிற நாடகமும் வேண்டாம், அதையும் நீ நன்றாக நடிப்பாய் என்று தெரியும். முதலில் கிருஷ்ணகிரிக்குப் போ. அதே ஹாலில், அதே ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வை. அன்றைக்கு எவ்வளவு சத்தமாகச் சொன்னாயோ அவ்வளவு சத்தமாகச் சொல். வழி தப்பியது நான், தண்ணீரை எடுத்துக்கொண்டு போனது நான், அம்மாவுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது, பொய் சொன்னது நான். இந்தக் கடிதத்தின் ஜெராக்ஸ் போய்ச் சேருவதற்குள் நீ முந்திக்கொண்டால் உனக்கு நல்லது. முந்தவில்லை என்றால் அவர்கள் படித்துத் தெரிந்துகொள்வார்கள். அதற்கப்புறம் லாவண்யா உன்னோடு வாழ்வாளா, மாட்டாளா என்பது அவள் முடிவு. வந்தாலும் என் மருமகள்தான், வராவிட்டாலும் அந்த வீட்டுக்கு நான் போவேன். அவள் வாழ்க்கை விஷயத்தில் உனக்காக நான் சிபாரிசு பண்ண மாட்டேன். அதுவரைக்கும் என் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வராதே. பசிக்கும் என்று எனக்கு மனசு கேட்காது. அதனால்தான் இப்போதே எழுதி வைக்கிறேன்.

அவள் பேர் இதில் இருப்பதால் அவளுக்குத் தெரியாமல் அனுப்பக் கூடாது என்று நேற்று மறுபடி பாகலூர் பஸ் ஏறினேன். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார வைத்து முழுசும் படித்துக் காட்டினேன். முடித்ததும், "ஒரு வரி மட்டும் எடுத்துருங்க அத்த" என்றாள். எந்த வரி என்றேன். 'நீ மாறப் போவதில்லை' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அதைத்தான் காட்டினாள்.

அவள் கண் முன்னாலேயே பேனாவை எடுத்து அடித்துவிட்டேன். அடித்தது அவளுக்காக. எனக்கு அந்த வரியில் இன்னும் சந்தேகம் வரவில்லை.

உன் அம்மா